பலூன் ராக்கெட் விட்டால் நியூட்டன் விதி புரிந்துவிடுமா?

சாக்பீஸ்தூள்:
பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். இப்போது அதை நடத்துவதென்றால் உடனே விண்வெளி தீம். நூலில் ஸ்ட்ரா கோத்து பலூன் ராக்கெட், மைதானத்தில் தண்ணீர் ராக்கெட், முட்டைக்கு பாலிதீன் பாராசூட் கட்டி மாடியிலிருந்து போட்டு அதற்கு சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் என்று பெயர். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், போட்டோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகிறது. மறுநாள் ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று கேட்டால் "பின்னாடி வர்ற காத்து வெளிக்காத்தைத் தள்ளுது சார்" என்கிறான். காற்றே இல்லாத இடத்தில் எதைத் தள்ளும் என்றால் பதில் இல்லை. ஒரு பீரியட் போனதுதான் மிச்சம். கரும்பலகையில் உந்தம் மாறாக் கோட்பாட்டை (வெளிவிசை இல்லாவிட்டால் மொத்த உந்தம், அதாவது நிறை பெருக்கல் திசைவேகம், மாறாது) ஒழுங்காகப் போட்டு நாலு கணக்கு செய்ய வைத்தாலே போதும் என்பது என் கட்சி.

கரிசல் டீச்சர்:
சார், அந்தத் தப்பான பதிலை பலூன் உண்டாக்கவில்லை, அது ஏற்கெனவே பையன் மண்டைக்குள் இருந்தது, பலூன் விட்ட பிறகு வெளியே வந்தது. கரும்பலகையோடு நிறுத்தியிருந்தால் கணக்கில் முழு மார்க் வாங்கிக்கொண்டு அதே எண்ணத்தோடு கல்லூரிக்குப் போயிருப்பான். இதில் நம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. வெற்றிடத்தில் ராக்கெட்டுக்குத் தள்ளிக்கொள்ள எதுவும் கிடையாது, இது கூடத் தெரியவில்லையா என்று 1920ல் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்டைக் கேலி செய்து நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே எழுதியது. அதற்குத் திருத்தம் போட்டது 1969 ஜூலையில், அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள்.

நான் தண்ணீர் ராக்கெட்டை வேடிக்கையாக விடுவதில்லை. ஒரே அழுத்தத்தில் வெறும் பாட்டில் ஒன்று, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றியது ஒன்று. எது உயரம் போகும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்வேன். கனமாக இருப்பது குறைவாகத்தான் போகும் என்று பாதி வகுப்பு எழுதும், நடப்பது நேர்மாறு. வெளியே தள்ளப்படும் பொருளுக்கு நிறை வேண்டும் என்பது அங்கேதான் உறைக்கிறது. (பம்ப் அடியை எண்ணி இரண்டையும் சமம் என்று நினைக்காதீர்கள், கேஜ் வைத்த பம்ப் வேண்டும். தண்ணீர் இருக்கும் பாட்டிலில் காற்றுக்கு இடம் குறைவு, அதே அடிக்கு அழுத்தம் கூடிவிடும். பாட்டிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலாக இருக்கட்டும், தண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் ஆகாது.)

சாக்பீஸ்தூள்:
அப்போதும் "தண்ணி தரையை பலமா தள்ளுது, அதான் உயரம் போகுது" என்று ஒருவன் சொல்வானே?

கரிசல் டீச்சர்:
சொல்வான். ஆபீஸ் ரூமிலிருந்து சக்கரம் வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து, அவனையே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார வைத்து, புத்தகப் பையைப் பலமாக முன்னால் எறியச் சொல்லுங்கள். பை போய்த் தரையில் விழுவதற்கு முன்பே அவன் பின்னால் நகர்ந்திருப்பான். எந்தத் தரையைத் தள்ளியது?

ஒன்பதாவது அப்பா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் பள்ளியில் விண்வெளி வாரம் கொண்டாடினார்கள். வீட்டுக்கு வந்து "ஸ்பேஸ்ல கிராவிட்டியே இல்லப்பா, அதான் மிதக்கிறாங்க" என்கிறாள். சுவரொட்டியிலும் அப்படியே எழுதியிருக்கிறாள், மூன்று ஆச்சரியக்குறியோடு. ஆர்வம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பான விஷயத்தில் வரும் ஆர்வத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாக்பீஸ்தூள்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரம் 6400 என்று வைத்தால் 6400ஐ 6800ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 9.8ஆல் பெருக்கினால் 8.7 வருகிறது. தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது. ஐந்து நிமிடக் கணக்கு சார், பலூனும் வேண்டாம் சுவரொட்டியும் வேண்டாம்.

கரிசல் டீச்சர்:
கணக்கு சரி. ஆனால் 8.7 என்று வந்ததும் அடுத்த கேள்வி "அப்புறம் ஏன் டீச்சர் மிதக்கிறாங்க?" அதற்குக் கரும்பலகையில் என்ன எழுதுவீர்கள்? நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒரே முடுக்கத்தில் விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்று எழுதலாம், பிள்ளைகளும் காப்பி பண்ணிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பாட்டிலின் அடிப்பக்கம் ஆணியால் ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும். அப்படியே கையை விடுங்கள். விழும்போது துளையிலிருந்து தண்ணீர் வராது. பாட்டிலும் தண்ணீரும் ஒன்றாக விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. புவியீர்ப்பு அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் தண்ணீருக்கு 'எடை' இல்லை. இதுவரைக்கும் பல பேர் செய்கிறார்கள். நான் அடுத்து கேட்பது, பாட்டிலை மேலே தூக்கி எறிந்தால்? மேலே போகும்போது தண்ணீர் வருமா? வரும், இன்னும் வேகமாக வரும் என்று வகுப்பே கத்தும். எறிந்து பார்த்தால் கையை விட்ட நொடியிலிருந்து வராது, ஏறும்போதும் சரி இறங்கும்போதும் சரி. மேலே போகிற பொருளும் 'தடையின்றி விழும்' பொருள்தான் என்பதை இதைவிடச் சுலபமாக எப்படிச் சொல்வது?

ஏரோ மூன்றாம் வருடம்:
மேலே எறியும் கேள்வியை எங்கள் வகுப்பில் கேட்டாலும் பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள், நிஜமாகவே.

ஆனால் டீச்சர், முட்டை விஷயத்தில் நான் சாக்பீஸ்தூள் சார் பக்கம். நிலவில் பாராசூட் விரிய காற்று ஏது? 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் இறங்கியது இன்ஜினை எரித்துத்தான். 800 நியூட்டன் விசையில் தள்ளும் இன்ஜின்கள் நான்கு, மொத்தம் 3200. உள்ளே இருந்த ரோவர் வண்டியோடு சேர்த்து லேண்டரின் நிறை 1752 கிலோ, நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62. பெருக்கினால் அங்கே எடை சுமார் 2840 நியூட்டன். ஆக எரிபொருள் முழுசாக இருக்கும்போதே நாலு இன்ஜினும் சேர்ந்தால் தாங்கும், எரிய எரிய எடை குறைவதால் பிறகு இன்னும் சுலபம். அதே லேண்டருக்குப் பூமியில் எடை 17,000 நியூட்டனுக்கு மேல், இந்த இன்ஜின்களால் தரையைவிட்டு அசைக்கக்கூட முடியாது. நிறைக்கும் எடைக்கும் வித்தியாசம் என்ன என்ற இரண்டு மார்க் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

சாக்பீஸ்தூள்:
தம்பி, நீங்கள் சொன்னது முழுக்க கரும்பலகைக் கணக்கு. முட்டை எங்கேயாவது வந்ததா?

ஏரோ மூன்றாம் வருடம்:
வரவில்லை சார். ஆனால் விக்ரம் வந்தது. பெட்டி ஒன்றின் நிறை 1752 கிலோ என்று ஆரம்பித்தால் யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

கரிசல் டீச்சர்:
முட்டையை விட வேண்டாம், பெயரை மாற்றுங்கள். ககன்யான் கலம் என்று சொல்லுங்கள், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் நாட்டுத் திட்டம். 2023 அக்டோபர் 21 ஸ்ரீஹரிகோட்டா சோதனையில் கலம் பாராசூட்டில்தான் வங்கக்கடலில் இறங்கியது. அப்புறம் இதே பாராசூட்டை நிலவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேளுங்கள், அங்கே தம்பியின் கணக்கைப் போடுங்கள்.

சாக்பீஸ்தூள்:
இதையெல்லாம் செய்ய ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை பீரியட்? அரசுப் பள்ளிகளில் அறிவியலைச் செய்முறையாகச் சொல்லித்தர வானவில் மன்றம் என்று 2022ல் ஆரம்பித்தது ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான். பத்தாவதில் போர்ஷன் முடிக்க வேண்டும், ரிவிஷன் வைக்க வேண்டும், புக் பேக் ஒரு வரி விடாமல் கேட்க வேண்டும். பாட்டிலை மேலே எறிவதை எடுத்துக்கொள்கிறேன், இரண்டு நிமிட வேலை. ராக்கெட் விழாவுக்கு நான் வரவில்லை.

கரிசல் டீச்சர்:
விழா எனக்கும் வேண்டாம். பதிலை முன்கூட்டி நோட்டில் எழுத வைக்காமல் எந்த ராக்கெட்டையும் விடாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. எழுதிவிட்டால் பிள்ளைக்கு அது தன் பந்தயம் ஆகிவிடுகிறது.

ஒன்பதாவது அப்பா:
வீட்டில் செய்யலாமா டீச்சர்? துளை எவ்வளவு பெரிசு?

கரிசல் டீச்சர்:
சாதாரண ஆணி கனம் போதும். துளையை விரலால் அடைத்துக்கொண்டு நிரப்பி, முற்றத்தில் நின்று செய்யுங்கள், நனைவது உறுதி. செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்து எடுத்தால் தண்ணீர் நிற்பது தெளிவாகத் தெரியும். எறிவதற்கு முன்னால் மகள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதுங்கள்.