பொருள்: ஆழக்குறைப்பைக் ‘கத்தரிப்பு’ என்று சொல்ல வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

சதுரங்க நிரல்கள் தங்கள் பட்டியலில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்துக்கு மட்டும், அதாவது குறைவான நகர்வுகள் முன்னோக்கி மட்டும், தேடிப் பார்க்கும் உத்திக்கு (late move reduction) வந்துள்ள ‘பிந்தைய நகர்வுக் கத்தரிப்பு’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சொல் நிலைத்துவிட்டால், இந்த உத்தியைத் தமிழில் கற்கும் மாணவர் அதை அடிப்படையிலேயே தவறாகப் புரிந்துகொள்வார்.

கத்தரிப்பது என்றால் வெட்டி எறிவது. சதுரங்க நிரல்களின் அடிப்படைத் தேடல் உத்தியான ஆல்ஃபா-பீட்டா முறையில் நடப்பது அதுதான். என் நகர்வு ஒன்றுக்கு எதிராளியிடம் வலுவான பதில் ஒன்று இருப்பது தெரிந்துவிட்டால், அவருடைய மற்ற பதில்களைப் பார்க்க வேண்டியதே இல்லை. நாம் பேசும் உத்தியிலோ நகர்வு தேடலுக்குள்ளேயே இருக்கிறது. ஆழம் மட்டும் குறைகிறது.

ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் செய்வதைப் பாருங்கள். நடு ஆட்டத்தில் ஒரு நிலைக்கு ஏறத்தாழ 30, 35 நகர்வுகள் இருக்கும். முந்தைய தேடலில் சிறந்ததாகப் பதிவான நகர்வு பட்டியலின் தலையில் நிற்கும். அடுத்து லாபம் தரும் வெட்டுகள். அதன் பிறகு, இதே தேடலின் வேறு கிளைகளில் பலன் கொடுத்த, வெட்டு இல்லாத அமைதியான நகர்வுகள். முதல் சில நகர்வுகள் முழு ஆழத்துக்குத் தேடப்படும்; கீழே போகப் போக ஆழம் குறையும். முழு ஆழம் 12 அரைநகர்வு (ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு ஓர் அரைநகர்வு) என்று வைத்துக்கொண்டால், பட்டியலின் அடியில் கிடக்கும் ஓரச் சிப்பாய் நகர்வுக்கு 7 அல்லது 8தான் கிடைக்கும். அந்த மேலோட்டமான தேடலிலேயே அது எதிர்பார்ப்பை மீறி நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால், நிரல் திரும்பி வந்து அதை முழு ஆழத்துக்குத் தேடும். இந்த மறுதேடல்தான் உத்தியின் உயிர். ‘கத்தரிப்பு’ என்ற சொல்லில் அதற்கு இடமே இல்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல் நுணுக்கம் அன்று. எல்லா நகர்வுகளையும் ஒரே ஆழத்துக்குத் தேடுவது, தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் தேடுவது என்று இரு வழிகளை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணினிச் சதுரங்கம் பற்றிய தம் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரித்துக் காட்டினார். தொடக்கக்கால நிரல்கள் பல இரண்டாம் வழியில் போய் அடிபட்டன. தேர்வில் தவறவிட்ட நல்ல நகர்வை மீட்க அவற்றுக்கு வழியில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லேட்டும் அட்கினும் 1973இல் தங்கள் சதுரங்க நிரலைத் திருத்தி எழுதி முதல் வழிக்கே மாறினார்கள். எதையும் கைவிடாமலே தேர்வு செய்யலாம் என்று காட்டியதுதான் ஆழக்குறைப்பின் பெருமை.

‘பிந்தைய’ என்பதும் பொருந்தவில்லை. ஆட்டத்தின் இறுதிக்கட்டம் என்றே படிப்பவருக்குத் தோன்றும். ‘கடைவரிசை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சதுரங்கப் பலகையிலேயே வரிசைகள் இருக்கும்போது அது இன்னும் குழப்பும். என் பரிந்துரை ‘பின்பட்டியல் ஆழக்குறைப்பு’. இடம் தெளிவாக இருந்தால் ‘ஆழக்குறைப்பு’ என்றே போதும்.

இதன் மறுபக்கத்துக்கு ‘ஆழநீட்டிப்பு’ இயல்பாக அமைந்துவிடும். செக் வைக்கும் நகர்வை ஒரு படி கூடுதலாகத் தேடுவது ‘செக் நீட்டிப்பு’. ஐபிஎம்மின் டீப் பிளூ சதுரங்கக் கணினிக்கு முன்னோடியான டீப் தாட்டின் அணியினர் உருவாக்கிய உத்திக்கு (singular extension) முன்மொழியப்பட்ட ‘ஒற்றைநகர்வு நீட்டிப்பு’தான் உறுத்துகிறது. சட்டப்படி ஒரே நகர்வு மட்டும் இருக்கும் நிலை வேறு. இங்கே நகர்வுகள் பல இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக மேலே நிற்கும். ஸ்டாக்ஃபிஷ் அந்த ஒன்றை ஒதுக்கிவைத்து, மீதியை ஏறக்குறைய பாதி ஆழத்தில் சோதிக்கும். எதுவும் அருகில் வரவில்லை என்றால் ஒதுக்கிய நகர்வின் ஆழத்தைக் கூட்டும். ‘தனித்தோங்கு நீட்டிப்பு’ என்றால் பொருள் பிசகாது.

quiescence search என்பதற்கு முன்மொழியப்பட்ட ‘அமைதித் தேடல்’ பற்றியும் ஒரு வார்த்தை. ஆழத்தின் எல்லையில் ராணி ஒரு சிப்பாயை வெட்டியிருக்கிறது. அங்கேயே நிறுத்தினால் நிரல் ஒரு சிப்பாய் லாபம் என்று கணக்குப் போடும். அடுத்த நகர்வில் ராணியே வெட்டுப்படுவது அதற்குத் தெரியாது. அதனால்தான் வெட்டுகள் ஓயும்வரை தேடல் தொடர்கிறது. ‘அமைதித் தேடல்’ என்றால் அமைதியைத் தேடிப் போவது போல ஒலிக்கிறது. ‘அடங்கல் தேடல்’ என்றால் கிராமக் கணக்கு நினைவுக்கு வரும். ‘தணிவுத் தேடல்’ என்று வைக்கலாமா? இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். ‘ஆழக்குறைப்பு’ மட்டும் மாறக் கூடாது. அதன் விளக்கத்தில் மறுதேடலையும் தவறாமல் சேர்க்க வேண்டுகிறேன்.