பாக்ஸ்டருக்கு பிரேக் பேட் வீட்லயே மாத்தலாமா?

போடிக்காரன்:
அண்ணே, 2010 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வாரம் ஒருதடவை போடிமெட்டு ஏறி சாந்தன்பாறை போய்ட்டு வருவேன், ஏலக்காய் வேலையா. இறங்கும்போது 17 கொண்டை ஊசியும் பிரேக்லதான். இப்ப பேட் தேஞ்ச விளக்கு எரியுது. சர்வீஸ்னா கொச்சிக்குப் போகணும். உள்ளூர் ஒர்க்‌ஷாப்ல "இதுல நான் கை வைக்கமாட்டேன்"ங்கிறாங்க. முன்பக்க பேட்டும் சென்சார் ஒயரும் வந்தாச்சு. நானே மாத்தலாமா?

கம்பத்து ஸ்பேனர்:
தாராளமா மாத்தலாம் தம்பி. எங்கிட்டயும் அதே வண்டிதான், மூணு தடவை மாத்திட்டேன். காலிப்பரை, அதான் பேட்டை டிஸ்க் மேல அழுத்திப் பிடிக்கிற பாகம், கழட்டவே வேணாம். கிளிப்பை எடுத்து, பின்னைத் தட்டி உருவினா பேட் வந்துரும்.

வந்துரும்னு சொன்னேன், வராது. கிரீச்சுனு கத்தாம இருக்க பேட்டுக்குப் பின்னாடி வட்டமா ஒரு தகடு ஒட்டியிருப்பான். அதோட கால், பேட்டைத் தள்ற பிஸ்டனுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கும். மொத தடவை ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி பிஸ்டன் ரப்பரைக் கிழிச்சுட்டேன். அன்னைக்கு வீட்ல வாங்கினது தனிக்கதை. பெயிண்டர் பட்டி பார்ப்பாரே, அந்தத் தகட்டைப் பேட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல சொருகி கொஞ்சங் கொஞ்சமா விடு. பக்குனு கழண்டுக்கும்.

ஒவ்வொரு பேட்டா மாத்து. ரெண்டையும் உருவிட்டு, புது பேட் நுழைய ஒரு பக்க பிஸ்டனை உள்ள தள்ளினா எதிர்ப்பக்க பிஸ்டன் வெளிய வந்து நிக்கும். தள்றப்ப முன் டிக்கியில இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவுல ஒரு கண்ணு இருக்கட்டும். வழிஞ்சா பெயிண்டை உரிச்சுடும்.

ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா அதையும் மாத்திரு. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காம தாங்கும், ஈரம் இழுத்தா 155 வரைக்கும் இறங்கிடும். மெட்டு இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி போறது அதனாலதான். ரெண்டாவது கியர்ல இறங்கிப் பழகு, பேட்டும் மிஞ்சும்.

குமுளிவாசி:
வண்டி தாழ்வு, ட்ராலி ஜாக்கி நுழையாது. மொதல்ல பலகை மேல ஏத்திக்கங்க. சிமெண்ட் தரையா இருக்கணும், ஸ்டாண்டு போடாம வீலைக் கழட்டாதீங்க. வீல் போல்ட்டை 130 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கணும். நகர்த்துறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிச்சு விடுங்க.

போடிக்காரன்:
நன்றிண்ணே. பின்பக்கம் செய்யும்போது பிஸ்டனைத் திருகித் தள்ளணுமா?

கம்பத்து ஸ்பேனர்:
வேணாம், நேராத் தள்ளு. ஹேண்ட் பிரேக்குக்கு டிஸ்க் உள்ளாற தனி டிரம் இருக்கு. புது பேட் போட்டதும் மெட்டுக்கு ஓடிராத. விடியக்காலைல தேனி ரோட்டுல 60ல இருந்து 10 வரைக்கும் மெதுவா அழுத்தி, ஒரு பத்து தடவை. சுத்தமா நிறுத்தாத.

போடிக்காரன்:
இடது வீலைக் கழட்டிட்டேன். டிஸ்க் ஓரத்துல நகம் மாட்டுற மாதிரி வரம்பு நிக்குது.

கம்பத்து ஸ்பேனர்:
அப்ப பேட் போடாத, நிறுத்து. குறைஞ்சபட்ச கனம் எவ்வளவுன்னு டிஸ்க்லயே பொறிச்சிருப்பான். தேஞ்ச இடத்துல அளந்து பாரு. வரம்போட சேத்து அளந்தா தப்பாக் காட்டும்.

போடிக்காரன்:
லேத் பட்டறைல அளவுகோல் இருக்கு. வாங்கிட்டு வர்றேன்.