‘தி குட் பிளேஸ்’ காட்டும் நடு இடமும் உத்தரிக்கிற ஸ்தலமும் ஒன்றா?

கேள்வி:
2016 முதல் 2020 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த ‘தி குட் பிளேஸ்’ நகைச்சுவைத் தொடரில், இறந்தவர்கள் போகும் நல்ல இடத்திலும் கெட்ட இடத்திலும் சேராத மிண்டி என்ற பெண்ணுக்கென்றே ‘மீடியம் பிளேஸ்’ ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். இது கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கிற ஸ்தலத்தைத்தான் குறிக்கிறதா?

மறுமொழி 1:
இல்லை. உத்தரிக்கிற ஸ்தலம் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவிலான சமரச ஏற்பாடு அன்று. இறைவனின் அருளோடு இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்களே அங்கே சுத்திகரிக்கப்படுகிறார்கள். அவர்கள் அனைவருக்கும் மோட்சம் உறுதி. மிண்டியோ, தனக்குப் பிடித்த பீரைக்கூடச் சூடாகவே குடிக்கும்படி விதிக்கப்பட்டு, தொடரின் இறுதிக்கட்டம் வரை மாறாமல் அங்கேயே கிடக்கிறார்.

மறுமொழி 2:
உத்தரிக்கிற ஸ்தலத்தோடு ஒப்பிடத் தக்கது, நான்காம் சீசனில் வரும் புதிய முறை. இறந்தவர்கள் தேறும்வரை மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டுத் திருந்துவது சுத்திகரிப்பைப் போலவே தோன்றினாலும், கெட்ட இடத்துக்குரியவர்களும் அதில் கரையேறலாம் என்பதால், மரணத்தோடு மனிதனின் தெரிவு முடிந்துவிடுகிறது என்ற திருச்சபையின் போதனைக்கு அது நேர் எதிரானது. தொடரின் பழைய முறையிலோ, வாழ்நாளில் செய்த ஒவ்வொரு செயலுக்கும் போடும் புள்ளிக்கணக்குதான் எல்லாம்: 1534-இல் பாட்டிக்கு ரோஜாப்பூ கொடுத்தவருக்குப் புள்ளிகள் கூடுகின்றன, 2009-இல் அதையே செய்தவருக்கு, பூவை வாங்கப் பயன்படுத்திய கைப்பேசி கொத்தடிமைபோல் உழைத்தவர்கள் செய்தது என்பது போன்ற காரணங்களால் குறைகின்றன. இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்குக் கத்தோலிக்க நம்பிக்கையில் இடமில்லை என்று சொல்லலாம். ஆனால் பரிபூரண பலன்களைப் பற்றி, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு எஞ்சியிருக்கும் தண்டனையைத் திருச்சபை முழுதாக நீக்குவதைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களே சில சமயம் பேரேட்டைத் திறந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

மறுமொழி 3:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இரண்டு வேறுபாடுகளை மட்டும் சேர்க்க வேண்டும். உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு உயிரோடிருப்பவர்களின் ஜெபமும் திருப்பலியும் உதவும் என்று 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் அறிவித்தது. நவம்பர் 2 அன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டுவதும் அந்த நம்பிக்கையில்தான். தொடரிலோ இறந்தவர்களே ஒருவரையொருவர் கைதூக்கி விடுகிறார்கள். அடுத்தது, நல்ல இடத்திலும் இன்பம் சலித்துப்போவதால், போதும் என்று தோன்றியவர்கள் வெளியேற ஒரு கதவு வைக்கிறார்கள். கத்தோலிக்க மோட்சத்தில் அத்தகைய கதவுக்குத் தேவை எழாது. ஏனெனில் அங்கே பேரின்பம் என்பது வசதிகளின் தொகுப்பு அன்று, கடவுளை முகமுகமாய்த் தரிசிப்பது. நீதிபதியையும் கணக்காளர்களையும் காட்டும் அந்தத் தொடரில் கடவுள் வருவதே இல்லை.