டர்போ என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வ் எரியுது: வால்வை மாத்தணுமா, கைடை மாத்தணுமா?

ஆர்பிஎம்_ராஜா
பெங்களூரு. பழைய ஹோண்டா சிட்டி வீடெக், டி15 என்ஜின், டர்போ போட்டது. பூஸ்ட் 1 பார், ரெவ் லிமிட் 7800. பாதி ரோடு, பாதி டிராக். மூணாவது சிலிண்டர்ல லீக் டவுன் (காத்தடிச்சுப் பார்க்குற கசிவு) 28 சதவீதம், காத்து சைலன்சர் வழியா சீறுது. ஹெட்டைக் கழட்டியாச்சு. ஒரு எக்ஸாஸ்ட் வால்வோட விளிம்பு கடிச்ச அப்பளம் மாதிரி இருக்கு. எட்டு எக்ஸாஸ்ட் வால்வையும் இன்கோனலுக்கு (சூடு தாங்குற நிக்கல் கலவை) மாத்தினா இது மறுபடி வராதா?

நிக்கல்நேசன்
மாத்துங்க பாஸ், இதுல யோசிக்க என்ன இருக்கு. இந்த மாதிரி என்ஜின்ல வழக்கமா வர்ற எக்ஸாஸ்ட் வால்வ் 21-4என் ஸ்டீல். 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல். டர்போ இல்லாத என்ஜினுக்கு அது நல்ல சரக்குதான். டர்போ போட்டு டிராக்ல இருபது நிமிஷம் விடாம மிதிச்சா வால்வ் தலை 800 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டுல ஸ்டீலோட பலம் இறங்கும், விளிம்பு வளையும், ஒரு இடத்துல கேஸ் கசியும், அந்த இடம்தான் முதல்ல எரியும். இன்கோனல் 751ல எழுபது சதவீதத்துக்கு மேல நிக்கல். சூட்டுல பலம் நிக்கும்.

பீன்யா_லேத்
தம்பி ராஜா, வால்வ் எரிஞ்சா வால்வைக் குத்தம் சொல்றது, செருப்பு கடிச்சா காலைக் குத்தம் சொல்ற மாதிரி.

எக்ஸாஸ்ட் வால்வுக்கு வர்ற சூட்டுல ஏறக்குறைய முக்கால் பங்கு சீட் (வால்வ் மூடுறப்ப உக்கார்ற வளையம்) வழியாத்தான் ஹெட்டுக்கு இறங்குது. மீதி கால் பங்கு தண்டு வழியா கைடுக்கு (தண்டு ஏறி இறங்குற குழல்) போகுது. இந்த ரெண்டு வழியும் அடைஞ்சா இன்கோனல் என்ன, தங்கத்துலயே செஞ்சு போட்டாலும் எரியும். கைடு தேஞ்சிருந்தா வால்வ் சாஞ்சு வந்து சீட்டோட ஒரு பக்கத்துல முதல்ல மோதும், அப்புறம் வழுக்கி உக்காரும். முழு வட்டமும் தொடாது. தொடாத பக்கம் சூடு இறங்க வழி இல்ல. எரிஞ்ச இடத்துக்கு நேர் எதிர்ல சீட்டுல பளபளன்னு ஒரு பட்டை தெரியுதான்னு பாரு. தெரிஞ்சா அதுதான் கதை.

போர் கேஜ் வச்சு ஒவ்வொரு கைடையும் மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல, ராக்கர் (வால்வை அமுக்கித் திறக்குற கை) தள்ளுற திசையில ஒண்ணு, குறுக்கே ஒண்ணுன்னு அள. இந்த என்ஜின்ல தண்டு 5.5 மி.மீ. கிளியரன்ஸ் (தண்டுக்கும் கைடுக்கும் இடைவெளி) இன்டேக்குக்கு 0.02 முதல் 0.05, எக்ஸாஸ்ட்டுக்கு 0.05 முதல் 0.08. எக்ஸாஸ்ட்ல 0.11 தாண்டினா கைடு செத்துப்போச்சுன்னு அர்த்தம். வால்வை ஆட்டிப் பார்த்து ‘கொஞ்சம்தான் ஆடுது’ன்னு சொல்றதெல்லாம் கணக்குல வராது.

சோடியம்_சாமி
ரெண்டு பேரும் பழைய காலத்துல நிக்கிறீங்க. பெரிய டர்போ என்ஜின்கள்ல கம்பெனியே சோடியம் வால்வ் போடுது. நிசான் ஸ்கைலைன் ஜிடிஆரோட ஆர்பி26 என்ஜின்ல இருந்தது. தண்டு குழாய், உள்ள ஏறக்குறைய பாதி சோடியம். 98 டிகிரியில உருகி, வால்வ் குதிக்கக் குதிக்க மேலயும் கீழயும் அலசி, தலையோட சூட்டைத் தண்டுக்குக் கொண்டு போகும். எடையும் குறைவு. ராஜா அதைப் போட்டா கதை முடிஞ்சுது.

பீன்யா_லேத்
5.5 மி.மீ. தண்டுல 3 மி.மீ. குடைஞ்சா சுவர் 1.25 மி.மீ.தான் மிஞ்சும். தேஞ்ச கைடுல ஆடுற தண்டுக்கு அது போதுமா? சூட்டைத் தண்டுக்கு அனுப்பினா கைடுதான் அதை வாங்கணும். கைடே சரியில்லன்னா அந்தச் சூடு எங்க போகும்?

கார்வெட் இசட்06ல 2006ல இருந்து 2013 வரைக்கும் வந்த எல்எஸ்7 என்ஜின் தெரியுமில்ல? 7 லிட்டர், 7000 ஆர்பிஎம், டைட்டேனியம் இன்டேக், சோடியம் எக்ஸாஸ்ட். அந்த என்ஜின்ல கைடு தேஞ்சு, எக்ஸாஸ்ட் வால்வ் தலை முறிஞ்சு விழுந்து என்ஜினே போனது ஊருக்கே தெரியும். 2008ல இருந்து 2011 வரைக்கும் கட்டின சில ஹெட்ல கைடும் சீட்டும் ஒரே மையத்துல இல்லன்னு அதைச் செஞ்ச ஜிஎம் கம்பெனியே சொல்லுச்சு. அத்தனை விலையுள்ள வால்வ் போட்டும் மையம் தப்பினதால போச்சு.

இன்னொண்ணு. கழட்டின சோடியம் வால்வை யாரும் அறுக்காதீங்க, உடைஞ்சதைத் தண்ணி வாளியில போடாதீங்க. தீப்பிடிக்கும்.

நிக்கல்நேசன்
அண்ணா, எல்எஸ்7 விஷயத்தைப் பாதி சொல்லி நிறுத்திட்டீங்க. அதைச் சரி பண்ணவங்க கைடை மட்டுமா மாத்தினாங்க? நிறைய பேர் குழாய் வால்வைத் தூக்கிட்டு கெட்டித் தண்டு ஸ்டீல் வால்வும் வெண்கலக் கைடும் சேர்த்துப் போட்டாங்க. அப்ப வால்வும் ஒரு காரணம்னு நினைச்சுத்தானே?

பீன்யா_லேத்
போட்டாங்க, ஒத்துக்கிறேன். ஆனா கெட்டித் தண்டு கனம். கனம் கூடினா ஸ்பிரிங் தாங்கணும். கனத்தை மாத்தாமலே 7000ல இருந்து 7800க்குப் போனா வால்வோட நிலைம விசை (ஸ்பிரிங் அடக்க வேண்டிய விசை) 24 சதவீதம் கூடிடும், வேகத்தோட வர்க்கம் அது. ராஜா, உன் ஸ்பிரிங் என்ன?

ஆர்பிஎம்_ராஜா
ஸ்பிரிங் ஸ்டாக்தான் அண்ணா, கம்பெனி போட்டதே.

பீன்யா_லேத்
அடப்பாவி.

டர்போல இன்னொரு தொல்லை இருக்கு. 1 பார் பூஸ்டுக்கு டர்பைனுக்கு முன்னாடி பேக் பிரஷர் 1.5 பாராவது வரும். எக்ஸாஸ்ட் வால்வ் தலை 26 மி.மீ. விட்டம்னா பரப்பு சுமார் 530 சதுர மி.மீ. முதுகுல ஏறக்குறைய 8 கிலோ எப்பவும் தள்ளிக்கிட்டே இருக்கு, மூடின வால்வைத் திறக்கப் பார்க்குது. இன்டேக்லயும் பூஸ்ட் 7 கிலோ தள்ளும். ஸ்டாக் ஸ்பிரிங்கோட சீட் பிரஷர்ல அவ்வளவையும் கழிச்சுப் பாரு. வால்வ் மூடினதும் குதிக்கும். குதிக்கிற நேரத்துல சீட்டைத் தொடல, சூடு இறங்கல. மறுபடி அதே எரிச்சல்.

ஸ்பிரிங் போடுறப்ப முழு லிஃப்ட்ல சுருளுக்கும் சுருளுக்கும் மொத்தமா 1.5 மி.மீ. மிஞ்சணும். ரிட்டெய்னருக்கும் (ஸ்பிரிங் மேல உள்ள தட்டு) ஆயில் சீலுக்கும் நடுவுலயும் அதே 1.5. களிமண் வச்சுப் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி பாரு: இன்டேக் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் 2.5.

மேப்_மல்லிகா
ரெண்டு பேருமே இரும்பைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ராஜா, இந்த மேப் (பெட்ரோல், இக்னிஷன் அளவுகளின் அட்டவணை) எந்தப் பெட்ரோலுக்குப் போட்டது?

இப்போது பங்கில் கிடைப்பது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் சரியான கலவை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். 10 சதவீதம் கலந்தால் சுமார் 14.1, 20 சதவீதம் என்றால் சுமார் 13.5. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் சமாளித்துக்கொள்ளும். முழு திராட்டிலில் இந்தப் பழைய ஈசியூ (என்ஜின் கணினி) சென்சாரைக் கேட்பதில்லை, மேப்பில் உள்ள எண்ணைத்தான் நம்பும். ஈ10க்குப் போட்ட மேப்பில் ஈ20 ஊற்றினால் கலவை 4 சதவீதம் மெலிகிறது. அதோடு, நாக்கிங்குக்கு (கலவை தானே வெடித்துத் தட்டுவதற்கு) பயந்து இக்னிஷனைப் பின்னால் தள்ளியிருந்தால், எரிதல் தாமதமாகி நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கிற வரை நீளும். பிஸ்டன் பிழைக்கும், வால்வ் வேகும்.

மேனிஃபோல்டில் ஈஜிடி (எக்ஸாஸ்ட் வெப்பநிலை) சென்சார் போட்டு ஓட்டிப் பாருங்கள். டர்பைனுக்கு முன்னால் 900 டிகிரி தாண்டினால் எந்த உலோகத்தைப் பற்றிப் பேசுவதும் இரண்டாவது வேலை.

நிக்கல்நேசன்
மல்லிகா மேடம் சொல்றதுக்கு மறுப்பு இல்ல. ஆனா டிராக்ல எல்லா நாளும் மேப் சரியா இருக்கும்னு எதை நம்பி ஓட்டுறது? ஒரு இன்ஜெக்டர் அடைச்சா அந்தச் சிலிண்டர் மட்டும் மெலியும், ஒரே சென்சார் சராசரியைத்தான் காட்டும். அந்த நாளுக்குத்தான் இன்கோனல்.

மேப்_மல்லிகா
அந்த வாதத்தை ஏற்கிறேன். இன்ஜெக்டரைக் கழற்றி நாலுக்கும் ஓட்ட அளவு ஒன்றா என்று பார்த்த பிறகு.

டைட்டன்_தாஸ்
டைட்டேனியம்? எடை பாதிக்குக் கொஞ்சம் மேலதான் குரு.

பீன்யா_லேத்
நுனிக்குத் தொப்பி, தண்டுக்குக் கோட்டிங், சீட்டையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். 7800க்கு இது தேவையில்லாத செலவு. விடு.

ஆர்பிஎம்_ராஜா
அளந்தேன். மூணாவது சிலிண்டர், எரிஞ்ச வால்வோட கைடு: நடுவுல 5.53. கீழ வாயில குறுக்கே 5.54, ராக்கர் திசையில 5.60. தண்டு 5.44. பளபள பட்டையும் எதிர்ப்பக்கம் இருக்கு. மத்த எக்ஸாஸ்ட் கைடு எல்லாம் 0.09, 0.10ல நிக்குது. லேஷ் (ராக்கருக்கும் வால்வ் நுனிக்கும் இடைவெளி) பார்த்தப்ப மூணாவது எக்ஸாஸ்ட்ல 0.23க்குப் பதிலா 0.12 மி.மீ.தான் இருந்துச்சு.

பீன்யா_லேத்
0.16 ஆட்டம். அது கைடு இல்லப்பா, கிணறு. லேஷ் குறைஞ்சதும் ஒரு அடையாளம்தான்: சீட் உள்ள இறங்கினா தண்டு மேல ஏறும், இடைவெளி சுருங்கும். சூடானதும் வால்வ் முழுசா மூடாது. டிராக் போய் வந்த ஒவ்வொரு தடவையும் லேஷ் பார்த்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

பதினாறு கைடும் மாத்து. ஹெட்டை 150 டிகிரிக்குச் சீராச் சூடாக்கி, பழசை எரிஅறை பக்கத்துல இருந்து கேம் பக்கம் தட்டி எடுக்கணும். புதுசை ஒரு மணி நேரம் ஃப்ரீசர்ல வச்சு, கேம் பக்கத்துல இருந்து இறக்கணும். அப்புறம் 5.5 ரீமர், கட்டிங் ஆயில் ஊத்தி, ஒரே திசையில சுத்தி. கைடு மாத்தினா மையம் நகரும், அதனால சீட்டை வெட்டியே ஆகணும். எக்ஸாஸ்ட் சீட் அகலம் 1.5 மி.மீ. வை. அகலத்தைக் குறைச்சா காத்து நல்லாப் போகும்னு 1 மி.மீ.க்கு வெட்டுறவன் கிட்ட குடுக்காத, சூடு இறங்குற வழியே அதுதான். டயல் கேஜ்ல சீட் ஓட்டம் (மையத்துல இருந்து விலகுற அளவு) 0.03க்குள்ள இருக்கணும். சீட்டு வெட்டின அளவுக்கு ஸ்பிரிங் உயரம் கூடும், அடியில ஷிம் (மெல்லிய வளையம்) போட்டுச் சரிக்கட்டு.

நிக்கல்நேசன்
கைடுக்கு ஓட்டு போடுறேன் அண்ணா. ஆனா இவ்வளவும் பண்ணிட்டு எக்ஸாஸ்ட்ல பழைய வால்வையே போடச் சொன்னா சண்டைக்கு வருவேன். ராஜா, வெண்கலக் கைடும் குரோம் பூசின தண்டும் நல்ல ஜோடி. வால்வ் மார்ஜின் (விளிம்போட கனம்) 1.5 மி.மீ.க்குக் குறையாதது எடு. நைட்ரைடு பண்ணின வால்வா இருந்தா கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கக் கூடாது, மேல்தோல் போயிடும். நீல மை தடவிச் சுத்து வட்டம் பார்த்தாப் போதும்.

ஆர்பிஎம்_ராஜா
நேத்து ஜேசி ரோட்டுல ஒரு கடையில ‘ஒரிஜினல் இன்கோனல்’னு எட்டு வாங்கிட்டேன்.

பீன்யா_லேத்
காந்தம் வச்சுப் பார்த்தியா? தண்டு நுனியில ஒட்டினா பரவாயில்ல, கடினப்படுத்துறதுக்காக நுனியில வேற ஸ்டீலை ஒட்டவைப்பாங்க. தலையில ஒட்டக் கூடாது. இன்கோனல்லயும் ஒட்டாது, 21-4என்லயும் ஒட்டாது.

ஆர்பிஎம்_ராஜா
எட்டுலயும் தலையில ஒட்டுது.

பீன்யா_லேத்
பில்லு இருக்கா?