புரொஃப்பிடம் படித்தவர்கள் எழுதுங்கள்

ஈசூனிலிருந்து:

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், எங்கள் புரொஃப், போன மாதம் தவறிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். அவரிடம் படித்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. நானே ஆரம்பிக்கிறேன்.

2004. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நாடகப் படிப்பு 1992-ல் வந்தது. 12 வருடம் கழித்தும் எங்கள் வகுப்பில் தமிழ் ஆள் நான் ஒருத்திதான். அந்த வாரப் பாடம், சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988-ல் மேடையேற்றிய 'மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்'. தலைப்பைப் பார்த்துவிட்டு எந்த மாமா என்று யோசித்தேன். அம்மாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக: அந்த அம்மாவுக்கு ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழிதான் வரும். பிள்ளைகளுக்கு மாண்டரினும் ஆங்கிலமும். வட்டார மொழிகளை விட்டு மாண்டரின் பேசுங்கள் என்று அரசாங்கம் 1979-ல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் வந்த பிறகு எத்தனையோ சீன வீடுகளில் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே இருந்த பேச்சு அறுந்துபோனது. நாடகத்தின் வலி அதுதான். பூனையைத் தேடிப் போகிற அந்த அம்மா, வழியில் தன் பூனையைத் தேடும் ஒரு தமிழ்க் கிழவரைப் பார்க்கிறாள். அவள் ஹொக்கியனில் பேசுகிறாள், அவர் தமிழில் பேசுகிறார், கை கால் எல்லாம் பேசுகிறது. பெற்ற பிள்ளைகளுக்குப் புரியாத பாஷை முன்பின் தெரியாத கிழவருக்குப் புரிந்துவிடுகிறது.

கிழவர் வேஷம் எனக்கு. சரி, தமிழ்தானே என்று எழுந்து நின்று, "என் பூனை எங்கே சென்றுவிட்டது? நீங்கள் பார்த்தீர்களா?" என்றேன். புரொஃப்புக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது பரீட்சைக்குப் பேசுகிற தமிழ் மாதிரி இருக்கிறதே. உங்கள் வீட்டுக் கிழவர் இப்படித்தான் பேசுவாரா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தாய்மொழி வாய்மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

அன்று ராத்திரி தாத்தாவிடம் கேட்டேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் வேலை பார்த்தவர். "பூனை காணாமப் போனா என்னன்னு சொல்வீங்க?" "என்னத்தச் சொல்றது. எங்கிட்டுப் போய்த் தொலைஞ்சுச்சோ சனியன், சோறு வச்சது வச்சபடி கெடக்கு." இரண்டாவது பாதியைச் சொல்லும்போது அவர் கை தானாகத் தரையைக் காட்டியது, தட்டு அங்கேயே இருப்பது போல. மறுநாள் வகுப்பில் அதை அப்படியே சொல்லிக் கையையும் நீட்டினேன். புரொஃப் நான் காட்டிய தரையைக் குனிந்து பார்த்தார். அந்தத் தட்டைத் தேடியிருப்பார் போல. பாராட்டு எதுவும் இல்லை. "அடுத்தவர்" என்றார். கடைசியில் பி மைனஸ்தான் போட்டார், அது வேறு கதை.

வகுப்பு முடிந்ததும் குவோவைப் பற்றி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: 1976-லிருந்து 1980 வரை விசாரணை இல்லாமல் தடுப்புக் காவல், 77-ல் குடியுரிமையும் பறிபோனது. வெளியே வந்து எட்டு வருடத்தில் இப்படி ஒரு நாடகம். குடியுரிமை 92-ல்தான் திரும்பக் கிடைத்தது. குரலை உயர்த்தாமல், பேருந்து எண் சொல்வது போலச் சொல்லிவிட்டு மேடையைத் துடைக்கப் போய்விட்டார். ஆமாம், மாப் அவர்தான் போடுவார். ஒத்திகைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை.

தோபாயோவிலிருந்து:

அக்கா, நான் அவரிடம் படித்தவன் இல்லை, ஆனால் பார்த்திருக்கிறேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்து மூன்றாவது மாடி டிராமா சென்டரில் எங்கள் குழுத் தமிழ் நாடகம். மூன்றாவது வரிசையில் ஒரு சீனப் பெரியவர், தனியாக. வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம்! முடிந்த பிறகு வெளியே வந்து கேட்டார்: "புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள், ஏன் இரண்டு பேரும் என்னைப் பார்த்தே சண்டை போடுகிறார்கள்?"

எங்கள் இயக்குநருக்குக் கோபம். மைக் முன்னால்தான் இருக்கிறது, பின்னே எங்கே பார்ப்பது என்றார். ஆனால் அடுத்த நாடகத்தில் ஒரு காட்சியில் நான் முதுகைக் காட்டி நின்றேன். அம்மா வீட்டுக்கு வந்து, "உன் மொகத்தையே காணோமேடா, டிக்கெட் காசு தண்டம்" என்றார். தமிழ் மேடையில் முகம் காட்டாமல் நிற்பது லேசான விஷயமில்லை. அப்புறமும் அவர் இரண்டு மூன்று தடவை வந்தார். டிக்கெட் காசு கொடுத்துத்தான். ஓசி டிக்கெட் நீட்டினால் வாங்க மாட்டார்.

செங்காங்கிலிருந்து:

எல்லாரும் உருகுகிறீர்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன். 9.30 வகுப்பு என்றால் 9.31-க்குக் கதவைச் சாத்திவிடுவார். ஒரு நாள் எம்ஆர்டி ரயில் நின்றுவிட்டது, 9.34-க்கு ஓடி வந்தேன், திறக்கவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக ஒன்றரை மணி நேரம் வகுப்பைப் பார்த்தேன். சத்தமே கேட்கவில்லை. அடுத்த வாரம் காரணம் சொல்லப் போனால், "கண்ணாடி வழியாக என்ன பார்த்தாய்? எழுதிக் கொடு" என்கிறார். கடுப்பில் நாலு பக்கம் எழுதினேன். யார் பொய்யாக நடிக்கிறார்கள், யார் கை என்ன செய்தது, எல்லாம். அந்தப் பருவத்தில் எனக்கு அதிக மதிப்பெண் வந்தது அதற்குத்தான். இருந்தாலும் கதவைத் திறந்திருக்கலாம். இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

ஈசூனிலிருந்து:

தம்பி, கோபமாகவே இரு, அவருக்கு அது பிடிக்கும். ஒரு நாள் நானும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் மூன்று பெட்டி, முழுக்க நிகழ்ச்சிக் கையேடுகள். தமிழ், மலாய், மாண்டரின், ஆங்கிலம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. தமிழ்க் கையேடுகளைப் பிரித்து வைக்க ஆள் வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். சனிக்கிழமை யார் வருகிறீர்கள்?

தோபாயோவிலிருந்து:

நான் வருகிறேன். அந்த ஒத்திகை அறையில் இப்போது யார் மாப் போடுகிறார்கள்?

ஈசூனிலிருந்து:

போன வாரம் பார்த்தேன். வட்டமாக ஒரு ரோபோ சுற்றிக்கொண்டிருந்தது. மூலைக்குப் போகவே மாட்டேன் என்கிறது.