பகிர்வுச் சார்பா, நிலைத்தொகையா?

அனைவருக்கும் வணக்கம்.

புள்ளியியல் இயக்கவியலில், ஓர் அமைப்பின் எல்லா நிலைகளையும் எடையிட்டுக் கூட்டிக் கிடைக்கும் அளவை இசட் என்ற எழுத்தால் குறிப்போம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் கலைச்சொல் விவாதத்தில் ‘பகிர்வுச் சார்பு’, ‘பிரிவினைச் சார்பு’ என இரண்டு பெயர்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டு ‘நிலைத்தொகை’ என்பதை ஏற்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அந்த இரண்டு பெயர்களும் ‘பார்ட்டிஷன் ஃபங்ஷன்’ என்ற ஆங்கிலப் பெயரைப் பின்பற்றியவை. இயற்பியலாளர்கள் சார்லஸ் கால்டன் டார்வினும் (உயிரியல் அறிஞர் டார்வினின் பேரன்) ஃபௌலரும் 1922இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தொகுதியின் ஆற்றல் அதன் உறுப்புகளிடையே எப்படிப் பிரிகிறது என்பதே அவர்களுடைய ஆய்வு. அந்தச் சூழலில் பெயர் பொருத்தமானது. சூழலிலிருந்து பிரித்தெடுத்து இளநிலை மாணவரிடம் கொடுத்தால் அது எதையும் சொல்வதில்லை. எதைப் பகிர்கிறோம், யாருக்குப் பகிர்கிறோம் என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். அதற்குள், வளிம மூலக்கூறுகளின் வேகங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் மாக்ஸ்வெல்–போல்ட்ஸ்மான் பகிர்வு வந்துவிடும். இரண்டு பகிர்வுகளுக்கும் நடுவில் மாணவர் குழம்புவதை வகுப்பெடுத்த எவரும் பார்த்திருப்பீர்கள். ‘பிரிவினை’ என்றாலோ எண்கோட்பாட்டோடு மோதல். நான்கு என்ற எண்ணை ஐந்து விதமாகப் பிரித்து எழுதலாம் என்று எண்ணிச் சொல்வதும் அதே ஆங்கிலப் பெயர் கொண்ட சார்புதான். ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அந்தச் சொல்லைக் கணிதத்துக்கே விட்டுவிடுவோம்.

இசட் என்ற எழுத்து ‘ட்ஸுஷ்டாண்ட்ஸும்மெ’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. நிலைகளின் கூட்டுத்தொகை என்பதே அதன் பொருள். குறியீட்டை ஜெர்மனிலிருந்தும் பெயரை ஆங்கிலத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லாமல் மாணவரை மனப்பாடம் செய்யவைக்கிறோம். நிலைத்தொகை என்றால் செய்ய வேண்டிய வேலையே பெயராக நிற்கிறது: ஒவ்வொரு நிலைக்கும் போல்ட்ஸ்மான் காரணியை (நிலையின் ஆற்றல் கூடக்கூடக் குறையும் எடையை) எழுது, எல்லாவற்றையும் கூட்டு.

இதில் ‘நிலை’ என்ற பாதிதான் எனக்கு மிக முக்கியம். தேர்வுத் தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை, நிலைகளைக் கூட்டுவதற்குப் பதிலாக ஆற்றல் மட்டங்களைக் கூட்டுவது. கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமட்டத்தில் ஒரு நிலை, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து. ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரே ஓர் உறுப்பு எழுதிக் கூட்டினால், அறை வெப்பநிலையில் சுழற்சியின் பங்காக ஒரு மோலுக்கு வளிம மாறிலியில் பாதிதான் வெப்ப ஏற்புத்திறனாகக் கிடைக்கும். முழு மாறிலி வர வேண்டும். ஆய்வகத்தில் அளந்தாலும் அதுதான் வருகிறது. நிலைகளைச் சரியாகக் கூட்டினால் 300 கெல்வினில் தொகை சுமார் 108. அந்த வெப்பநிலையில் மூலக்கூறுக்கு எட்டக்கூடிய சுழற்சி நிலைகள் ஏறத்தாழ அத்தனை என்று அந்த எண்ணைப் படிக்கலாம். ‘பகிர்வுச் சார்பு 108’ என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் புரியாது.

‘நிலைத்தொகை’ என்ற பெயருக்கு அனுப்பப்பட்ட மறுப்புகளுக்கு வருகிறேன்.

‘சார்பு’ விடுபட்டுவிடுகிறது என்றார் ஒருவர். என்ட்ரோபியும் ஆற்றல், கனஅளவு ஆகியவற்றின் சார்புதான். ‘என்ட்ரோபிச் சார்பு’ என்று நாம் எழுதுவதில்லையே. வெப்பநிலையைப் பொறுத்து நிலைத்தொகை மாறும் என்பதை இரண்டே நிலைகள் கொண்ட அமைப்பைக் கொண்டு முதல் வகுப்பிலேயே காட்டிவிடலாம். கடுங்குளிரில் தொகை ஒன்றை நெருங்கும். வெப்பநிலை மிக உயர்ந்தால் இரண்டை நெருங்கும். நிலைகளுக்கிடையே உள்ள ஆற்றல் இடைவெளி வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும்போது 1.368.

நிலைகள் தனித்தனியாக இல்லாமல் தொடர்ச்சியாக அமையும் செவ்வியல் அமைப்பில் கூட்டல் ஏது, தொகையீடு (இன்டெக்ரல்) அல்லவா என்ற கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தொகையும் தொகையீடும் தமிழில் ஒரே வேரில் பிறந்தவை. கட்டவெளியில் (துகள்களின் இடங்களையும் உந்தங்களையும் அச்சுகளாகக் கொண்ட வெளியில்) தொகையிட்டாலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை.

‘மக்கள்தொகை’ போல, ஒரு நிலையில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை என்று படித்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அந்த எண்ணிக்கைக்கு ‘நிலை இருப்பு’ என்று தனிச் சொல் வைத்துக்கொண்டால் மோதல் தீரும். ‘நுண்ணிலைத்தொகை’ என்றே எழுதலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு துகளின் விவரத்தையும் சொல்லும் நுண்ணிலையை, வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றால் மட்டும் சொல்லப்படும் வெப்ப இயக்கவியலின் நிலையிலிருந்து பிரித்துக்காட்ட அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் சுழற்சி நிலைத்தொகை, அதிர்வு நிலைத்தொகை, மின்னணு நிலைத்தொகை என்று கூட்டுச்சொற்கள் வளரும்போது நாக்கு தடுக்கும். முதல் வரையறையில் ‘நுண்ணிலை’ என்று விளக்கிவிட்டால் போதும். கட்டிலா ஆற்றல், சராசரி ஆற்றல், அழுத்தம் எல்லாவற்றையும் இதன் மடக்கையிலிருந்தே பெறுகிறோம். பருவம் முழுவதும் உச்சரிக்கப்போகும் சொல் குறுகியதாக இருக்கட்டும்.

எனக்குத் தீராத ஒன்று இருக்கிறது. துகள்களும் உள்ளே வெளியே போய்வரும் அமைப்புக்குரிய தொகைக்கு என்ன அடைமொழி? ‘பெருநிலைத்தொகை’ என்றால் பருநிலைகளின் (வெப்ப இயக்கவியல் நிலைகளின்) தொகை என்று பொருள் திரியும். ‘பேர்நிலைத்தொகை’ என்றாலும் அதே சிக்கல். இப்போதைக்கு ‘திறந்த நிலைத்தொகை’ என்று எழுதிவருகிறேன். அடைமொழி அமைப்பைக் குறிக்காமல் தொகையைக் குறிப்பதுபோல் நிற்பது உறுத்துகிறது. இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள்.