பின் விறாந்தை பிளக் பொயின்ட்: தூசு, தண்ணீர் தடுப்புத் தரம் ஐபி44 போதுமா?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு. பின் விறாந்தைக்குக் கூரை உண்டு, ஒரு பக்கம் திறந்தது. அங்கே வொஷிங் மெஷினுக்கு பிளக் பொயின்ட் போட வேண்டும். வயரிங் பாஸ், "கூரை இருக்குதானே, உள்ளே போடுறதையே போடலாம்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அமெரிக்க விதிகளில் கூரை போட்ட திறந்த விறாந்தை 'ஈரப்பதமான இடம்', மழை நேரே விழுவது 'நனையும் இடம்'. ஆனால் தென்மேற்குப் பருவக் காற்றுக்கு இங்கே சாரல் சுவர் வரை அடிக்கும். உப்புக் காற்றில் பழைய சுவிட்சின் திருகாணியே துருப்பிடித்துவிட்டது!

மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, அது சரி. ஐபி44 தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐபி65 பீய்ச்சியடித்தாலும் தாங்கும். எதை எடுக்க? பிளக்கைச் செருகிய பிறகும் மூடி இறுக்கமாகப் பொருந்தும் பெட்டி கொழும்பில் எங்கே கிடைக்கும்? கடலோர வீடுகளில் வேலை செய்த அண்ணாமார் யாராவது சொல்லுங்கோ.